கதை சுருங்கினால் காதல் என்னாகும்?

கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ சோழ நாட்டு அரியணையைப் பற்றிய கதை என்றே பலரும் சொல்வர். ஐந்து பாகங்களும் 293 அத்தியாயங்களும் கொண்ட அப்பெரு நாவலின் கடைசி அத்தியாயத்திலோ அரியணையும் இல்லை, முடிசூட்டு விழாவும் இல்லை. கடம்பூர்ச் சம்புவரையரின் மகள் மணிமேகலை, தான் நெஞ்சில் வைத்துப் போற்றிய வந்தியத்தேவனின் மடியில் தலை சாய்த்து உயிர் விடுகிறாள். ‘மலர் உதிர்ந்தது’ என்பது அந்த அத்தியாயத்தின் பெயர். மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் வாசகர்களைத் தம்முடன் அழைத்துச் சென்ற ஆசிரியர், அவர்களிடம் விடைபெறுவதற்குத் தேர்ந்துகொண்ட இடம், ஒருதலைக் காதல் கொண்ட ஒரு பேதைப் பெண்ணின் மரணம்.

மணிரத்னம் இயக்கத்தில் இந்நாவல் இரு திரைப்படங்களாக வெளிவந்தது யாவரும் அறிந்ததே. முதற்படம் 2022 செப்டம்பர் 30-ஆம் நாளும், இரண்டாவது படம் 2023 ஏப்ரல் 28-ஆம் நாளும் வெளியாயின. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 5½ மணி நேரம் ஓடும். அவற்றில் கடம்பூர் மாளிகை உண்டு, சம்புவரையர் உண்டு, அவர் மகன் கந்தமாறனும் உண்டு. மணிமேகலை மட்டும் இல்லை.

இதனைக் குறையாகச் சொல்லிப் படத்தைத் தூற்றுவது என் நோக்கமன்று. படத்தை நானும் குடும்பத்துடன் கண்டு மகிழ்ந்தவனே. ஆயினும் செம்பூரில் எங்கள் கட்டடத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி, படத்தை மும்முறை பார்த்தவள், ஒரு நாள் பேச்சுவாக்கில் நான் மணிமேகலையைக் குறிப்பிட்டபோது, “அது வேற கதையாச்சே அங்கிள், கையில அட்சய பாத்திரம் வச்சிருப்பாங்களே, அவங்கதானே?” என்று கேட்டாள். அப்பெண்ணைக் குற்றம் சொல்வதற்கில்லை. காப்பிய மணிமேகலையையாவது அறிந்து வைத்திருக்கிறாளே என்று மகிழத்தான் வேண்டும். தமிழைப் பேசவும் கேட்கவும் அறிந்து, படிக்க மட்டும் தயங்கும் பிள்ளைகள் நம் இல்லங்களில் இன்று பலர். அவர்களுக்குப் ‘பொன்னியின் செல்வன்’ என்பது அந்த 5½ மணி நேரந்தான். அதில் இல்லாதது அவர்களைப் பொறுத்தவரை கதையிலேயே இல்லாதது. ஒரு கதை சுருக்கப்பட்டு வெளியாகும்போது அதில் உள்ள காதலுக்கு என்ன நேர்கிறது என்று சற்று எண்ணிப் பார்க்க நேர்ந்தது இதனாலேயே.

‘கல்கி’ இதழில் இத்தொடர் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் முடிவுற்றது. ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு வாரம் ஒரு பகுதியாக வந்தது. தபாலிலும் ரயிலிலும் பம்பாய்க்கு வந்து சேர்ந்த பிரதி, மாட்டுங்காவில் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்குக் கை மாறிக் கை மாறி, அட்டை கிழிந்து போகும்வரை படிக்கப்பட்டதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகு வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு நடுக்கடலில் மிதக்கும். அங்கே ‘தொடரும்’ விழும். அடுத்த இதழ் வரும்வரை படகு கடலிலேயே நிற்கும். வாசகர் அடுப்படியிலும் அலுவலகத்திலும் அதை நினைத்துக்கொண்டே இருப்பார். காதல் கொண்டவர் செய்வதும் இதைத்தானே? கதையில் வரும் பெண் காத்திருந்தாள். அவளோடு கூட வாசகரும் காத்திருந்தார். தொடர்கதையில் காதல் பழுத்ததற்குப் பாதிக் காரணம் ஆசிரியரின் எழுத்து என்றால், மறுபாதி இரண்டு இதழ்களுக்கு இடைப்பட்ட அந்த ஏழு நாட்கள் என்பேன்.

மணிமேகலையின் காதல் முற்றிலும் இத்தகைய காலத்தினாலேயே நெய்யப்பட்டது. வந்தியத்தேவனை நேரில் அறியுமுன்பே அவனைத் தமையன் வாய்மொழியாக அவள் அறிந்தாள். எல்லைக் காவலில் உடனிருந்த நண்பனின் வீரத்தைக் கந்தமாறன் தங்கையிடம் ஓயாமல் புகழ்வான். தங்கையின் அருமையை நண்பனிடமும் புகழ்வான். பின்னர் அரச குடும்பத்துச் சம்பந்தம் கைகூடும் போலிருந்ததும், அதையெல்லாம் மறந்துவிடு என்று நண்பனிடம் சொல்லிவிடுகிறான். அவனும் மறந்துவிடுகிறான். அவளால் மறக்க முடியவில்லை. அவன் உள்ளம் வேறிடத்தில் இருக்கிறது. அது தெரிந்த பின்னரும், ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பழி வந்தியத்தேவன் மீது விழும்போது, “கொன்றவள் நான்” என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவள் முன்வருகிறாள். அந்த ஒரு சொல்லுக்கு நாம் கண்ணீர் விட வேண்டுமானால், அதற்கு முந்திய நூற்றுக்கணக்கான பக்கங்களில் அவள் மாளிகையில் தனித்திருந்ததையும் சிரித்ததையும் ஏமாந்ததையும் பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் அவளைக் காட்டினால் அசட்டுப் பெண்ணாகவே தோன்றுவாள். படத்தில் அவளை அரைகுறையாகக் காட்டுவதைக் காட்டிலும் அடியோடு விட்டது மேல் என்றுகூட ஒருவர் வாதிக்கலாம். அவ்வாதத்தை நான் மறுக்க மாட்டேன்.

சேந்தன் அமுதனுக்கு நேர்ந்தது வேறு வகை. தஞ்சையில் கோயிலுக்குப் பூமாலை கட்டித் தரும் இந்தச் சாது இளைஞன் தன் மாமன் மகள் பூங்குழலியை மௌனமாக விரும்புகிறான். அவளோ கடலையும் காற்றையும் சொந்தமாகக் கொண்டவள். கோடிக்கரைச் சதுப்பு நிலத்தில் இரவில் எழும் கொள்ளிவாய்ப் பிசாசுகளையே தன் காதலர்கள் என்று சொல்லி வந்தியத்தேவனைத் திடுக்கிட வைப்பவள். இளவரசர் அருள்மொழிவர்மர் மீது எட்டாத ஆசை கொண்டவள். நாவலில் இவ்விருவரும் ஐந்து பாகங்களையும் கடந்து, மெல்ல மெல்ல ஒருவரை ஒருவர் கண்டடைகிறார்கள். செம்பியன் மாதேவியின் உண்மைப் புதல்வன் அவனே என்று வெளிப்பட்டு, அவன் உத்தம சோழனாக முடிசூடும்போது, மாலை கட்டியவனின் காதல் சோழ நாட்டின் வரலாற்றோடு இணைந்து விடுகிறது. படத்திலும் சேந்தன் அமுதன் வருகிறான், பூங்குழலியும் வருகிறாள். ஆனால் அந்தப் பிறப்பு மர்மம் அங்கே கைவிடப்பட்டது. மதுராந்தகரே மதுராந்தகராக நின்றுவிடுகிறார். ஆகவே இவர்கள் இருவரும் சேர்ந்து நடந்த அந்த நெடும் பாதைக்கும் இடம் இல்லாமற் போயிற்று.

கொடும்பாளூர் இளவரசி வானதியின் காதலும் மெலிந்துதான் போயிற்று. இளவரசரை வழியனுப்பத் தீபத் தட்டேந்தி வந்து, அவரைக் கண்டதும் தட்டைத் தவறவிட்டு மயங்கி விழும் பெண், “சோழ சிங்காதனத்தில் நான் அமர மாட்டேன்” என்று சபதம் செய்யும் பெண்ணாக வளர்கிறாள். அந்த வளர்ச்சியே வானதி. மயக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அவள் நகைச்சுவைப் பாத்திரம்.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆதித்த கரிகாலன், நந்தினி இருவர் காதல் படத்தில் சற்றும் தேய்வடையவில்லை. இன்னும் சொல்லப்போனால் நாவலைவிடக் கூர்மை பெற்றிருக்கிறது. நாவலில் கரிகாலன் தன் இளமைக் காதலைப் பிறரிடம் வாய்விட்டுச் சொல்லக் கேட்கிறோம். இரண்டாம் படத்தின் தொடக்கத்திலோ அந்த இளமையைக் கண்ணெதிரே காண்கிறோம். கடம்பூர் மாளிகையில் விக்ரமும் ஐசுவர்யா ராயும் கடைசியாகச் சந்திக்கும் காட்சியை எளிதில் மறக்க இயலாது. குந்தவையும் வந்தியத்தேவனும் தனித்துச் சந்திக்கும் காட்சியும் அப்படியே. அவன் கண்கள் கட்டப்பட்டிருக்கின்றன. பேச்சு மிகக் குறைவு. கல்கி பல அத்தியாயங்களில் சொன்னதைத் திரிஷாவின் பார்வை சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. இது சினிமாவுக்கே உரிய வலிமை. எழுத்துக்கு எளிதில் கிட்டாதது.

அப்படியானால் எந்தக் காதல் சுருக்கத்தைத் தாங்குகிறது, எது தாங்குவதில்லை? என் சிற்றறிவுக்கு எட்டியவரை விடை இதுதான். கதையை நகர்த்தும் காதல் பிழைத்துக்கொள்கிறது. நந்தினியின் காதலை எடுத்துவிட்டால் சதியே இல்லை, கொலையே இல்லை. ஆகவே எவ்வளவு சுருக்கினாலும் அது நின்றாக வேண்டும். மணிமேகலையின் காதலை எடுத்துவிட்டாலும் கதை ஓடும். அமுதனுடையதை எடுத்துவிட்டாலும் ஓடும். ரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்கு இது நன்கு விளங்கும். பயண நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தால், முதலில் நீக்கப்படுவது சிறு நிலையங்களில் வண்டி நிற்கும் இரண்டு நிமிடங்களே. வண்டி சென்னைக்குப் போய்ச் சேர்வதில் குறைவிராது. அச்சிறு நிலையத்தில் இறங்க வேண்டியவரின் கதிதான் வேறு.

இதற்கு நேர்மாறான சான்று ஒன்றும் நம் மொழியிலேயே இருக்கிறது. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ‘ஆனந்த விகட’னில் தொடராக எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’, 1968-இல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் படமாயிற்று. அதுவும் நெடுங்கதைதான், அதிலும் ஏராளமாகவே வெட்டப்பட்டது. எனினும் அக்காதல் வாடவில்லை. காரணம், சண்முகசுந்தரமும் மோகனாவும் காதலிப்பதற்குத் தனி நேரம் தேவைப்படவில்லை. நாதஸ்வரமும் சதங்கையும் மோதிக்கொள்ளும் போட்டியே அவர்கள் காதல். காயமுற்றவனின் நலத்தை அவள் சபை நடுவே ஆட்டத்தினாலும் பாட்டினாலும் விசாரிக்கும்போது, கதையும் காதலும் ஒரே அடியில் நகர்கின்றன. எனவே குறை சுருக்கத்தின் மீது மட்டும் இல்லை. எதை எதனோடு பின்னியிருக்கிறார் ஆசிரியர் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிற்க. இந்த வழக்கு நாவலோடும் சினிமாவோடும் முடிந்துவிடவில்லை என்பதை எங்கள் வீட்டு இளைஞர்கள் எனக்கு எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் கணினியில் ஆடும் வீடியோ விளையாட்டுகளைச் சுட்டு வீழ்த்தும் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அவற்றுள் ஒரு வகை, நாவலைப் போல் நெடுங்கதை உடையது. ஆடுபவரே கதாநாயகன் அல்லது நாயகி. உடன் வரும் பாத்திரங்களோடு உரையாடி, நட்புக் கொண்டு, விரும்பினால் ஒருவரைக் காதலிக்கவும் செய்யலாம். ஆடி முடிக்க ஐம்பது, நூறு மணி நேரமும் ஆகும். இதை உருவாக்குவோருக்கும் கெடு உண்டு. கெடு நெருங்கினால் அங்கும் கத்தரிக்கோல் வேலை செய்யும்.

கனடா நாட்டுப் பயோவேர் நிறுவனத்தின் ‘டிராகன் ஏஜ்’ விளையாட்டின் முதல் பாகம் 2009 நவம்பரில் வந்தது. இரண்டாம் பாகம் 2011 மார்ச்சில், அதாவது பதினாறே மாதங்களில் வெளியிடப்பட்டது. அவசரத்தின் தழும்புகளை ஆடியவர்கள் உடனே கண்டுகொண்டனர். ஒரே குகை வெவ்வேறு இடமென்று திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது பெருங்கேலிக்கு உள்ளாயிற்று. காதலைப் பொறுத்தவரை எனக்கு வியப்பூட்டியது வேறொன்று. அக்கதை ஒரே நகரில் பல ஆண்டுக் காலம் நிகழ்கிறது. ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையே மூன்று ஆண்டுகள் தாவிச் செல்கின்றன. காதலர் இருவர் மனமொத்து ஒரே வீட்டில் வாழத் தொடங்குவார்கள், திரை விழும், மூன்று ஆண்டுகள் கழிந்தன என்ற செய்தி வரும். அந்த மூன்றாண்டு இல்லறத்தை ஆடுபவர் வாழ்ந்திருக்க மாட்டார். முதல் வாரத்துப் பேச்சிலிருந்து நேரே மூன்றாம் ஆண்டுப் பூசலுக்கு வந்து நிற்பார்.

அதே நிறுவனத்தின் ‘மாஸ் எஃபெக்ட் 3’ 2012 மார்ச்சில் வெளியானபோது, மூன்று பாகங்களாக வளர்ந்த கதை சட்டென்று அறுந்ததாக உலகெங்கும் ஆட்டக்காரர்கள் குரல் எழுப்பினர். பல ஆண்டுகளாக உடன் வந்த தோழரும் காதலரும் என்ன ஆனார்கள் என்பதே அவர்களுடைய கேள்வி. அவ்வாண்டு ஜூன் மாதம் நிறுவனத்தார் முடிவை நீட்டி இலவசமாக அளித்தனர். இறுதிப் போரின் நடுவே காதலரிடம் விடைபெறும் காட்சி ஒன்று அதில் புதிதாகச் சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டிலும் இதே கதை. நவம்பர் மாத இறுதியில், ஆறு மாதம் கழித்துத் தோழர்கள் அனைவரும் ஓரிடத்தில் கூடும் பின்னுரை ஒன்றைச் சேர்த்தார்கள். காதலித்தவரோடு அமர்ந்து, பிறகு வாழ்க்கை எப்படிப் போகிறது என்று பேச அங்கே வாய்ப்புக் கிடைத்தது.

கெடுவே இல்லாமல் உழைத்த ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த எரிக் பரோன் என்பார், சித்திரம், இசை, கதை யாவற்றையும் தாம் ஒருவராகவே செய்து, நான்காண்டுகளுக்கு மேல் உழைத்து, 2016-இல் ‘ஸ்டார்டியூ வேலி’ என்னும் கிராமத்து விளையாட்டை வெளியிட்டார். அதில் விதைக்க வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும், பருவத்திற்குக் காத்திருக்க வேண்டும். ஊரில் ஒருவரை மணக்க விரும்பினால் அவர் மனம் அறிந்து பரிசளிக்க வேண்டும். அதுவும் வாரத்திற்கு இரண்டு முறைக்கு மேல் ஏற்கமாட்டார்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் பத்துப் பரிசுகளோடு போய் நின்றால் பயனில்லை. இந்த விதியை வகுத்தவர் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பாடம் கேட்டிருப்பாரோ என்று தோன்றுகிறது.

ஆட்டக்காரர்களின் இந்த முறையீட்டைக் கேட்டதும் எனக்குக் கல்கியின் முடிவுரை நினைவுக்கு வந்தது. ‘பொன்னியின் செல்வன்’ முடிவுற்றதும், கதை திடீரென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் முறையிட்டனர். குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் திருமணம் நடந்ததா? நந்தினி என்ன ஆனாள்? 293 அத்தியாயங்கள் எழுதிய பின்னரும் அவர்களுக்குப் போதவில்லை! கல்கி அவ்வினாக்களை மதித்து, பின்னால் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லி ஒரு முடிவுரை எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவர் காலமானார். அரசியல் சிக்கல் எப்படித் தீர்ந்தது என்பதை வாசகர் ஒப்புக்கொண்டு விடுகிறார். காதலித்தவர்கள் சேர்ந்தார்களா என்பதை மட்டும் விடாமல் கேட்கிறார். 1954-இல் தமிழ் வாசகர் கேட்டதற்கும் 2012-இல் கனடா நிறுவனத்தாரிடம் உலகத்து இளைஞர்கள் கேட்டதற்கும் எனக்கு வேற்றுமை தெரியவில்லை.

நம் போன்ற குடும்பங்களுக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு என்று நினைக்கிறேன். நெல்லைச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம் முன்னோர் பலர், மனைவியை ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்தவர்கள். ஆண்டிற்கு ஒரு முறை ஊர்ப் பயணம், இடையில் கடிதங்கள். எழுதத் தெரியாத மனைவி அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்த கடிதத்தில், வெட்கத்தினால் சொல்லாமல் விட்டதே மிகுதி. அவர்கள் வாழ்வைப் படமாக எடுத்தால், கத்தரிக்கோலுக்கு முதலில் இரையாவது அந்தக் காத்திருப்புத்தான். ஏனெனில் அதில் ‘ஒன்றும் நடக்கவில்லை’. அவர்களைக் கேட்டால், நடந்ததெல்லாம் அதில்தான் என்பார்கள். தாத்தாவும் பாட்டியும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக்கூட அழைத்ததில்லையே, அது என்ன காதல் என்று வியக்கும் பேரப்பிள்ளைகளுக்கு, மணிமேகலையையும் சேந்தன் அமுதனையும் தெரிந்திருந்தால் சற்று விளங்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகி விட்டபடியால், பல பதிப்பகங்கள் ஐந்து பாகங்களையும் மலிவாகவே வெளியிட்டிருக்கின்றன. ஞாயிறுதோறும் மாலையில் சங்கக் கூடத்திலோ, அவரவர் கட்டடத்திலோ, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பிள்ளைகள் கேட்கலாம். வாரம் இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் 147 வாரங்கள் ஆகும். மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. நடுவில் யாரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. கதை ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரையில் தொடங்குகிறது. நாமும் ஆடியிலேயே தொடங்குவது பொருத்தமாக இருக்கும். நான்காவது அத்தியாயம் ‘கடம்பூர் மாளிகை’. இரண்டாம் ஞாயிறே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம்.